லாட்டரிப் பணமும் ஆயிரத்து இருநூறும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் தமிழ் வீடுகளில் 1200 என்ற எண்ணைத் தெரியாதவர் கிடையாது. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் 1600-க்கு 1200, பள்ளிப் பாடங்களில் 4-க்கு 3.7. இரண்டும் இருந்தால் ‘ஜெல் மில்லர்’ உதவித்தொகை கிடைக்கும். மாநில அரசுக் கல்லூரியில் டியூஷன் கட்டணத்தை மாநிலமே கட்டிவிடும். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை நடத்தும் தமிழ் வகுப்பில் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவில் நிற்கும் பெற்றோர் பேசுவதெல்லாம் இதைத்தான். “என்னக்கா, உங்க பொண்ணுக்கு ஜெல் மில்லர் வந்துருச்சா?” என்று கேட்கிற தோரணை, வரன் அமைந்ததா என்று விசாரிப்பதுபோல இருக்கும்.

ஜெல் மில்லர் ஒரு மனிதரின் பெயர் என்பது கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த 1200 அவர் போட்ட நிபந்தனை இல்லை என்பது மற்றப் பாதிக்கும் தெரியாது.

நான் தொழிலில் கணக்கு எழுதுபவள். கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் தொடங்கி இப்போது அட்லாண்டாவுக்கு வடக்கே ஒரு சின்ன நிறுவனத்தில் அதே வேலை. எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் பணம் எங்கிருந்து வருகிறது, யார் எப்போது கையை இறுக்குகிறார்கள் என்றுதான் என் கண் போகும். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை அரசின் உதவித்தொகையோடு முடிச்சுப் போட்ட கதையை அந்தக் கண்ணோடு படித்தால், தகுதி, திறமை என்று மேடையில் பேசியவை எல்லாம் பின்னுக்குப் போய் கஜானா முன்னால் வந்து நிற்கிறது.

முதலில் நியூயார்க். 1913-ல் அந்த மாநிலம் கல்லூரிக்குப் போகும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 100 டாலர் கொடுக்கத் தீர்மானித்தது. சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பேர் என்று மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். யாருக்கு என்று எப்படி முடிவு செய்வது? மாநிலம் தானே நடத்திவந்த ரீஜன்ட்ஸ் தேர்வுகள் இருந்தன. பள்ளியில் நடத்திய பாடத்திலிருந்து கேள்வி. வினாத்தாளும் அரசினுடையது, பணமும் அரசினுடையது. பின்னாளில் உதவித்தொகைக்கென்றே தனித் தேர்வும் வைத்தார்கள்.

எஸ்.ஏ.டி. வேறு வம்சம். 1926 ஜூனில் முதன்முதலாக சுமார் 8,000 பேர் அதை எழுதினார்கள். உருவாக்கிய பிரின்ஸ்டன் பேராசிரியர் கார்ல் பிரிகம், முதல் உலகப் போரில் ராணுவத்தினருக்கு வைத்த அறிவுத்திறன் சோதனையிலிருந்து கிளம்பியவர். இனத்துக்கு இனம் அறிவு வேறுபடும் என்று 1923-ல் புத்தகமே போட்டார். 1930-ல் அது தவறு என்று தானே எழுதினார். புத்தகத்தை விலக்கிக்கொண்டார், தேர்வு மட்டும் நிலைத்துவிட்டது. 1934-ல் ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், பணக்கார உறைவிடப் பள்ளிகளுக்கு வெளியே, மத்திய மேற்குப் பகுதியிலிருந்து கெட்டிக்காரப் பையன்களைத் தேடிப் பிடித்து உதவித்தொகை கொடுக்க விரும்பினார். எந்தப் பள்ளியிலிருந்து வந்தாலும் ஒரே அளவில் நிறுத்துப் பார்க்க ஒரு தேர்வு வேண்டும். உதவியாளர் ஹென்றி சான்சி எடுத்துக் கொடுத்தது எஸ்.ஏ.டி. ஆக, அந்தத் தேர்வு பெரிய வாழ்க்கைக்கு வந்த வாசலே உதவித்தொகைதான். ஆனால் அது ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் பணம், கையளவு பையன்கள். பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

நியூயார்க் மாநிலம் எஸ்.ஏ.டி. பக்கம் போனது 1977-ல். தன் சொந்தத் தேர்வைக் கைவிட்டுவிட்டு, பிள்ளைகள் எப்படியும் எழுதுகிற எஸ்.ஏ.டி., அதைப் போன்ற ஏ.சி.டி. தேர்வுகளின் மதிப்பெண்களை வாங்கிக்கொண்டால் போதும் என்று முடிவெடுத்தது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. தேர்வு நடத்தும் செலவு மிச்சம். 1970-களின் நடுவில் நியூயார்க் நகரம் திவாலின் விளிம்பில் நின்றதை நினைத்துக்கொண்டால், மாநிலம் காசை எண்ணியதில் ஆச்சரியம் இல்லை. என் அலுவலகத்திலும் இப்படித்தான். ஒரு வேலையை நாமே செய்தால் செலவு, வெளியில் ஏற்கெனவே யாரோ செய்த காகிதத்தை வாங்கினால் இலவசம் என்றால், அந்தக் காகிதம் எதற்காக எழுதப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் பெண்பிள்ளைகள். அப்போது நியூயார்க்கில் இரண்டு உதவித்தொகைகள்: ஆண்டுக்கு 250 டாலர் வீதம் 25,000 பேருக்கு ரீஜன்ட்ஸ், ஆண்டுக்கு 2,000 டாலர் வீதம் 1,000 பேருக்கு எம்பயர் ஸ்டேட். 1987-ல் போட்டியிட்டவர்களில் 53 சதவீதம் பெண்கள். ரீஜன்ட்ஸ் வாங்கியவர்களில் பெண்கள் 43 சதவீதம். பெரிய தொகையான எம்பயரில் 28 சதவீதம்தான். வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பெண்கள் எஸ்.ஏ.டி. தேர்வில் ஆண்களைவிடச் சராசரியாக 60 புள்ளி போலக் குறைவாக வாங்கினார்கள். மாநிலம் வகுப்பு மார்க்கைத் திரும்பியே பார்க்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் 1988-ல் மட்டும் பள்ளி மார்க்கையும் சேர்த்தார்கள். பெண்களின் பங்கு உடனே ஏறியது. அடுத்த ஆண்டே, பள்ளிகள் மார்க்கை அள்ளிப் போடுகின்றன, ஒரு பள்ளியின் 90-ம் இன்னொன்றின் 90-ம் ஒன்றல்ல என்று சொல்லிப் பழையபடி எஸ்.ஏ.டி.க்கு மட்டுமே திரும்பப் பார்த்தார்கள்.

1989 பிப்ரவரி 3-ல் நீதிபதி ஜான் வாக்கர் அதைத் தடுத்தார். ஷரீஃப் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் பெயர். உதவித்தொகை கொடுப்பது பள்ளியில் சாதித்ததற்காக என்றால், பள்ளிச் சாதனையை அளக்கவே உருவாக்கப்படாத ஒரு தேர்வை மட்டும் வைத்து அளப்பது பெண்களைப் பாரபட்சமாக நடத்துவது. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடை செய்யும் 1972-ம் ஆண்டுச் சட்டத்துக்கு விரோதம் என்பது தீர்ப்பின் சாரம். தேர்வை நடத்துகிறவர்களே இந்த மதிப்பெண்ணைத் தனித்து நம்பாதீர்கள் என்று சொல்லிவந்தார்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்குத் தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வு ஞாபகம் வந்தது. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட் ஆஃப் என்று நாங்கள் கூட்டிக் கழித்த காலம் அது. நகரத்துக்குக் கோச்சிங் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் அந்த 100-ல்தான் தெரிந்தது. அந்தத் தேர்வை 2006-ம் ஆண்டுச் சட்டம் எடுத்துவிட்டது. காரணங்கள் வேறு, ஆனாலும் எங்கள் வாதமும் அந்த நியூயார்க் பெண்களின் வாதமும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள்தான்.

நியூயார்க்கில் அந்தச் சர்ச்சை ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில் தெற்கே நியூ ஆர்லியன்ஸில் எண்ணெய்க் கிணற்று முதலாளி பேட்ரிக் டெய்லர் ஒரு பள்ளிக்குப் போனார். 1988 மார்ச். லிவிங்ஸ்டன் நடுநிலைப் பள்ளி. ஏழு, எட்டாம் வகுப்புகளில் 183 பிள்ளைகள். பலர் ஏற்கெனவே ஒரே வகுப்பில் தேங்கியவர்கள். யாருக்குக் கல்லூரிக்குப் போக ஆசை என்று கேட்டார். கைகள் உயர்ந்தன. ‘பி’ கிரேடு எடுத்துத் தேறுங்கள், செலவு என் பாடு என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். டெய்லருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. டெக்சாஸிலிருந்து பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்தவர். லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த நாளில் டியூஷன் இல்லை என்பதால்தான் அவரால் பெட்ரோலியப் பொறியியல் படிக்க முடிந்தது.

அந்த வாக்கில் தேர்வு மதிப்பெண் கிடையாது. ‘பி’ கிரேடு மட்டும். 1989-ல் லூசியானா அதைச் சட்டமாக்கியபோது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு என்று வரம்பு இருந்தது. 1997-ல் வருமான வரம்பு போனது. இன்று ‘டாப்ஸ்’ என்று சொல்லப்படும் திட்டம் வந்தது. அடிப்படை உதவித்தொகைக்கு ஏ.சி.டி. தேர்வில் 20; அடுத்த இரண்டு படிகளுக்கு 23, 27. பணக்காரரையும் உள்ளே விட்டுவிட்டு வாசலில் ஒரு மதிப்பெண்ணை நிறுத்துவது என்ற பாணி தெற்கு மாநிலங்களில் பரவியது இப்படித்தான். லிவிங்ஸ்டன் பள்ளியில் கை தூக்கிய பிள்ளைகளைப் போன்றவர்களுக்கு வருமான வரம்பு, மதிப்பெண் இரண்டில் எது எட்டாத உயரம் என்று யோசித்துப் பாருங்கள். 2016-17-ல் மாநிலத்துக்குப் பணமுடை வந்தபோது 20 வாங்கியவருக்கும் 27 வாங்கியவருக்கும் சேர்த்தே தொகையில் வெட்டு விழுந்தது. இரண்டாம் பருவத்தில் பாதிக் கட்டணம்கூட முழுதாக வரவில்லை.

இனி ஜார்ஜியா. ஜெல் மில்லர் 1932-ல் வடக்கு மலைப் பக்கத்தில் யங் ஹாரிஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறந்து மூன்று வாரம் ஆகுமுன் அப்பா இறந்துவிட்டார். அவர் அங்கிருந்த சிறிய கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். அம்மா பேர்டி, ஓடையிலிருந்து கற்களைத் தூக்கி வந்து வீட்டுக்குச் சுவர் எழுப்பினார். அந்தக் கல் வீடு மில்லர் அரசியல் மேடைகளில் விடாமல் சொன்ன கதை. மரைன் படையில் சேர்ந்தார், வரலாறு படித்தார், கற்பித்தார், 1990-ல் ஆளுநர் தேர்தலில் நின்றார். முக்கிய வாக்குறுதி: லாட்டரி தொடங்குவேன், வரும் பணத்தைப் படிப்புக்கே கொடுப்பேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1968-ல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு பரிசுச் சீட்டு வந்தபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்றார்கள். நாம் 2003-ல் லாட்டரியை மூடினோம். ஜார்ஜியா இன்னும் ஓட்டுகிறது. இங்கே சர்ச்சுகள், முக்கியமாக பாப்டிஸ்டுகள், கடுமையாக எதிர்த்தார்கள். 1992 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் குறைந்த வித்தியாசத்தில் தேறியது. 1993 ஜூன் கடைசியில் சீட்டு விற்பனை தொடங்கியது. அந்த இலையுதிர் காலத்திலேயே ‘ஹோப்’ உதவித்தொகை கொடுத்தார்கள்.

நிபந்தனை என்ன? ‘பி’ சராசரி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 66,000 டாலருக்குள். எஸ்.ஏ.டி. என்ற பேச்சே இல்லை. சீட்டு எதிர்பார்த்ததைவிட அதிகம் விற்றது. மறு ஆண்டு வருமான வரம்பு 1,00,000 ஆனது. 1995-ல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். டியூஷன், கட்டாயக் கட்டணங்கள், புத்தகத்துக்கும் பணம். பெட்டி நிரம்பி வழியும்போது கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது பாருங்கள்.

பத்து ஆண்டுகள் கழித்துக் கணக்கு மாறியது. கல்லூரிக்குப் போவோர் எண்ணிக்கை ஏறியது, கட்டணம் ஏறியது, லாட்டரி வருமானம் அந்த வேகத்தில் ஏறவில்லை. 2003-ல் மாநிலம் ஒரு குழு போட்டு ஆராய்ந்தது. ஹோப்புக்கு எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணையும் கேட்கலாமா என்ற பேச்சு எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளும் கிராமத்துப் பிள்ளைகளும் அடிபடுவார்கள் என்ற எதிர்ப்பில் அது நிற்கவில்லை. அதற்குப் பதிலாக மார்க் கணக்கை இறுக்கினார்கள். 2007-ல் பள்ளி முடித்தவர்களிலிருந்து சராசரியைப் பள்ளி போடுவதில்லை. மாநில அலுவலகமே போடுகிறது. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், வெளிநாட்டு மொழி மட்டும் சேரும். உடற்பயிற்சி வகுப்பில் வாங்கிய ‘ஏ’ இனிமேல் உதவாது.

2011-ல் கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. ஆளுநர் நேதன் டீல் மார்ச் 15-ல் கையெழுத்திட்ட சட்டம் ஹோப்பை இரண்டாகப் பிளந்தது. 3.0 சராசரி உள்ளவர்களுக்கு லாட்டரி வருமானத்துக்கு ஏற்ற அளவு மட்டும்; தொடக்கத்தில் பழைய கட்டணத்தில் 90 சதவீதம் போல. புத்தகப் பணமும் கட்டணங்களும் ரத்து. 3.7 சராசரியோடு எஸ்.ஏ.டி.யில் 1200 அல்லது ஏ.சி.டி.யில் 26 வாங்கியவர்களுக்கு மட்டும் முழு டியூஷன். அதற்கு மில்லரின் பெயர். அப்போது எஸ்.ஏ.டி. 2400-க்கு நடந்தது. எழுத்துப் பகுதியை விட்டுவிட்டு, வாசிப்பும் கணக்கும் சேர்த்து 1200. ஓடைக் கல் வீட்டில் வளர்ந்தவர், மதிப்பெண் கேட்காமல் தொடங்கிய திட்டத்தில், மதிப்பெண் கேட்கும் பகுதிக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஃபுளோரிடாவிலும் இதே கதைதான், இன்னும் வெளிப்படையாக. 1997-ல் தொடங்கிய ‘பிரைட் ஃபியூச்சர்ஸ்’ திட்டத்தின் இரண்டாம் படிக்கு எஸ்.ஏ.டி. 970 போதுமானதாக இருந்தது. 2008-க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் படிப்படியாக உயர்த்தி 1170 ஆக்கினார்கள். பிள்ளைகளின் மூளை அந்த ஆறேழு ஆண்டுகளில் 200 புள்ளி வளரவில்லை. பட்ஜெட்தான் அந்த அளவு சுருங்கியது.

இந்த வாசலில் நம் பிள்ளைகள் படும் பாட்டைச் சொல்ல வேண்டும். முதல் பாடு பெயர். மதிப்பெண் தேர்வு நடத்தும் அமைப்பிலிருந்து நேராக மாநில அலுவலகத்துக்குப் போக வேண்டும்; நாம் அச்செடுத்துக் கொடுத்தால் செல்லாது. இரண்டு பக்கமும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் அதைப் பிள்ளையின் கணக்கில் சேர்க்கும். எங்கள் தெருவில் ஒரு பையன். பாஸ்போர்ட்டில் அவன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். பள்ளிப் பதிவேட்டில் தாத்தா பெயரும் சேர்ந்து மூன்று துண்டு. எஸ்.ஏ.டி. பதிவில் அவனே அவசரத்தில் இனிஷியலோடு நிறுத்திவிட்டான். மதிப்பெண் 1400-க்கு மேல். மாநிலத்தின் இணையப் பக்கத்தில் ‘தேர்வு மதிப்பெண்’ என்ற கட்டம் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தது. ஒரு பக்கம் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள், மறு பக்கம் வரவில்லை என்றார்கள். இரண்டும் உண்மைதான்! யாருடையது என்று தெரியாத ஒரு 1400 எங்கேயோ சும்மா கிடந்தது. அவன் அம்மா பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் ஸ்கேன் செய்து அனுப்பி ஒருவழியாகச் சேர்த்தார்.

இரண்டாம் பாட்டுக்கு ஸ்கேன் உதவாது. ஹோப்பும் ஜெல் மில்லரும் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு போன்ற நிரந்தரத் தகுதி உள்ளவர்களுக்குத்தான். எச்-4 விசாவில் மூன்று வயதில் வந்து, இங்கேயே மழலையர் பள்ளியிலிருந்து படித்த பெண் 1500 வாங்கினாலும் கிடையாது. அப்பா கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் ஆண்டுகளில் பெண் பள்ளியே முடித்துவிடுகிறாள். வராந்தாப் பேச்சில் இந்த வீட்டுக்காரர்கள் மெல்ல ஒதுங்கி நிற்பதைக் கவனித்திருக்கிறேன். “வந்துருச்சா” என்று அவர்களிடம் கேட்காமல் இருப்பது மரியாதை. பெட்ரோல் பங்கில் லாட்டரிச் சீட்டு வாங்க விசா கேட்பதில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சீட்டு வாங்குபவர் யார், உதவித்தொகை வாங்குபவர் யார் என்பது இந்தத் திட்டத்தின் பழைய புண். வருமானம் குறைந்த வீடுகள், வசதியான வீடுகளைவிடத் தங்கள் வரும்படியில் அதிகப் பங்கை லாட்டரியில் போடுகின்றன. 3.7, 1200 என்ற கோட்டைச் சுலபமாகத் தாண்டுவது கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடிந்த எங்களைப் போன்ற புறநகர் வீடுகள். நானும் கட்டினேன். என் மகள் வாங்கிய உதவித்தொகையில் யாருடைய சுரண்டல் சீட்டு எவ்வளவு என்று கணக்கு எழுதுபவளுக்குத் தோன்றாமல் இருக்குமா?

கடைசியாக நடந்தது 2023-ல். லாட்டரிக் கையிருப்பு மறுபடி நிரம்பியது. அந்த இலையுதிர் காலத்திலிருந்து அரசுக் கல்லூரிகளில் ஹோப்புக்கும் முழு டியூஷன் என்று பட்ஜெட்டில் வைத்தார்கள். அதாவது எஸ்.ஏ.டி.யே எழுதாமல் 3.0 வாங்கியவருக்கும், 1200 வாங்கியவருக்கும் அரசுக் கல்லூரியில் ஒரே டியூஷன் தொகை. பன்னிரண்டு ஆண்டுகள் பிள்ளைகளைப் பிரித்த கோடு, பணம் வந்ததும் அந்த இடத்தில் அழிந்துவிட்டது. தனியார் கல்லூரியில் இன்னும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. உதவித்தொகையைக் கல்லூரியில் தக்கவைக்க ஹோப்புக்கு 3.0, ஜெல் மில்லருக்கு 3.3 வேண்டும்.

ஆகவே பெற்றோருக்கு: எஸ்.ஏ.டி. முடிந்து ஒன்பது நாள் வரை நான்கு இடங்களுக்கு மதிப்பெண்ணைக் காசில்லாமல் அனுப்பலாம். அதில் ஒன்றை மாநில அலுவலகத்துக்கு வைத்துவிடுங்கள். பதிவு செய்யும்போது பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே எழுத்து மாறாமல் போடச் சொல்லுங்கள், பள்ளிப் பதிவேட்டிலும் அதே பெயர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1200 ஒரே நாள் தேர்வில் வந்திருக்க வேண்டும். இரண்டு தேர்வின் பகுதிகளைக் கூட்டிக் காட்ட முடியாது. 1180-ல் நின்ற பிள்ளையைத் திட்டாதீர்கள். பாட சராசரி 3.0 இருந்தால் அரசுக் கல்லூரிக்கு ஹோப் இருக்கிறது. விண்ணப்பத்தை மட்டும் மறக்காமல் போடுங்கள்.